லாசரின் கதவும் அகுஸ்தியின் ஏணியும்

ஏணியின் கடைசிக்கு முந்தின படியில் நின்றபடி அகுஸ்தி வால்வைக் கொஞ்சம் திருகித் திறக்கிறார். கேஸ் சீறிக்கொண்டு வெளியே வருகிறது. ஆள்காட்டி விரலை அந்தச் சீற்றத்தின் வாயில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் மனதுக்குள் எண்ணுவது தொண்டையில் தெரியும். பிறகு விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நுனியில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால் தலையை ஆட்டுவார். பூக்காவிட்டால் கீழே நிற்கும் வீட்டுக்காரரைப் பார்த்து, "கேஸ் அடிக்கணும் சாரே" என்பார். கொச்சியில் இதற்கு எதிர்ப்பேச்சுப் பேசிய வீட்டுக்காரர் இதுவரை கிடையாது.

அழுத்தம் பார்க்கும் மீட்டர் அவர் பையிலேயே இருக்கிறது, பழைய பனியனில் சுற்றிப் பத்திரமாக. அதை வெளியே எடுப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார். "மீட்டர் பொய் சொல்லும். வெரல் சொல்லாது" என்பது அவருடைய வாதம். குழாய்க்குள் நிற்கும் காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு பம்ப் உண்டு. கம்பெனிப் பிள்ளைகள் அதை வைத்து அரை மணி நேரம் ஓட்டுவார்கள். அகுஸ்தி அதையும் வாங்கவில்லை. கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டால் அது காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும், பிறகு மூடிக்கொள்ளலாம். பழைய மெஷினைக் கழற்றும்போது உள்ளே மிச்சமிருக்கும் கேஸை அப்படியே திறந்து வானத்துக்கு விட்டுவிடுவார். முப்பத்தொரு வருடமாக ஏ.சி. மெக்கானிக். கும்பளங்கியிலிருந்து எர்ணாகுளம் வரை அவர் விரல் பனிக்காத சந்து குறைவு.

அவருக்குத் தன் பெயர் மேல் தீராத ஆசை. ஏணியில், வாளியில், குடையில், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்டில் 'அகுஸ்தி' என்று எழுதியிருக்கும். புதிதாக ஏ.சி. மாட்டினால் முன்மூடியைப் போடுவதற்கு முன் உட்புறத்தில் மார்க்கரால் பெயரும் தேதியும் சின்ன எழுத்தில் எழுதுவார். பிறகு மூடியைப் போட்டுவிடுவார். முப்பத்தொரு வருடமாக ஒரு மனிதர் யாரும் பார்க்காத இடத்திலேயே கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தது புரியும்.

வேலையில் அவர் கடைப்பிடிக்கும் ஒரே சட்டம், ஏணியின் கடைசிப் படியில் கால் வைப்பதில்லை என்பது. மற்றதெல்லாம் விரலும் மூக்கும் சொல்லுகிறபடி.

வீடு கும்பளங்கியில் காயல் ஓரம். கார்த்திகை பிறந்துவிட்டால், கடல் ஏறித் தள்ளுகிற ஓதத் தண்ணீர் வந்துவிடும். மழை இருக்காது, காற்று இருக்காது, வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். விடியற்காலையில் காயல் தானாக எழுந்து சந்துக்குள் வந்து, வாசற்படி ஏறி, கட்டில் கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பத்து மணிக்குத் திரும்பிப் போகும். தை வரை இப்படித்தான். முன்பெல்லாம் வருடத்துக்கு நாலு நாள் முற்றத்தோடு நின்றது. இப்போது முழங்காலுக்கு வருகிறது. போகும்போது கதவில் ஒரு கோடு விட்டுப் போகும். உப்பும் சேறும் காய்ந்து, வெள்ளையும் பழுப்புமாக, அளவெடுத்துப் போட்டதுபோல நேரான கோடு.

அந்தக் கோட்டை அகுஸ்தியால் பார்க்க முடியாது. தண்ணீர் வடிந்த கையோடு துணியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு கதவைச் சுரண்டி, இரண்டு கோட் நீலப் பெயின்ட் அடிப்பார். வருகிற விருந்தாளி கள்ளப்பமும் இறைச்சியும் தின்றுவிட்டுப் போகும்போது, இந்த வீட்டுக்குள் காயல் வந்துபோன சங்கதி தெரியக் கூடாது. இது அவர் வீட்டு வழக்கம் மட்டுமில்லை, சந்தில் எல்லோரும் செய்வதுதான். டிசம்பரில் அந்தச் சந்து முழுக்கப் பெயின்ட் வாடை அடிக்கும்.

செய்யாதவர் ஒரே ஒருவர், பக்கத்து வீட்டு லாசர். அகுஸ்தியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். சீனவலையில் கயிறு இழுக்கிற வேலை. வலை தண்ணீருக்குள் கிடக்கிற நேரமெல்லாம் உறக்கம். அவர் வீட்டுக் கதவுக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்தது கல்யாணத்துக்கு. அயினிப் பலகையில் வருடா வருடம் ஒரு கோடாக ஏறி ஒன்பது கோடு நின்றது. ஒவ்வொரு டிசம்பரிலும் அகுஸ்தி மிச்சமிருக்கும் பெயின்டோடு போய் வாசலில் நின்று, "டேய், ஆளுங்க வர்ற வீடுடா, அசிங்கமா இருக்கு" என்பார். லாசர் படுத்த இடத்திலிருந்தே, "அடுத்த வருஷமும் வரும்ல, அதுவே வந்து மேல போட்டுக்கும்" என்று பதில் சொல்வார். லாசரின் மனைவி கர்மலி தலையில் அடித்துக்கொள்வார். இப்படியே வருடங்கள் போயின.

போன டிசம்பர் ஒரு புதன்கிழமை, தோளில் துணிப்பையோடு ஒரு பெண் சந்துக்குள் வந்தார். பெயர் சுதேஷ்ணா, கல்கத்தாக்காரர், ஓவியர். மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றில் நடக்கப்போகும் கலைக் கண்காட்சிக்குத் தண்ணீரின் அடையாளங்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். முதலில் வந்து நின்றது அகுஸ்தியின் வாசலில்தான். கதவைத் தொட்டார். இரண்டாவது கோட் அடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்து விரலும் நீலம். அகுஸ்தி பதறிப்போய் மண்ணெண்ணெய்த் துணி கொண்டுவந்து கொடுத்து, "தண்ணியா? இங்க அதெல்லாம் வராது மேடம், நல்ல வீடு" என்று வேறு சொல்லிவைத்தார். அந்தப் பெண் விரலைத் துடைத்துக்கொண்டு நாலடி நடந்தார். லாசரின் கதவைப் பார்த்தார். அப்படியே சந்தின் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் லாசரின் கதவைக் கழற்றி, போர்வையில் சுற்றி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதிலுக்குப் புதுத் தேக்குக் கதவு மாட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் லாசர் பெயின்ட் அடிக்கவில்லை.

கதவோடு போயிருந்தால் அகுஸ்தி இரண்டு நாளில் மறந்திருப்பார். விதி அப்படி விடவில்லை. கிடங்கில் ஈரக்காற்று ஏறி, கதவிலிருந்த உப்பு கசிய ஆரம்பித்தது. கோடு கரைந்துவிடும், உடனே ஏ.சி. வேண்டும் என்றார் சுதேஷ்ணா. கண்காட்சிக்காரர்கள் ஒரு பெரிய பழைய மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதை மாட்ட ஆள் தேடினார்கள். கிடைத்த ஆள் அகுஸ்தி.

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனவர் நடுவழியில் நின்றுவிட்டார். முப்பதடி நீள அறை, சுவரெல்லாம் வெள்ளை. நடுவில் லாசரின் கதவு மட்டும், இரண்டு கம்பியில் தொங்குகிறது. அதன் மேல் ஒரே ஒரு விளக்கு. பக்கத்துப் பலகையில் மூன்று மொழியில் பெயர்: 'லாசர், கும்பளங்கி.' கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு லாசரே உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வைத்திருக்கிறார்களாம். சட்டைப் பையில் ஒரு பேனா வேறு.

அகுஸ்தி ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறினார். தன் வீட்டுக்கு வந்ததும் அதே தண்ணீர்தான். தன் வாசற்படி லாசருடையதைவிட ஒரு செங்கல் தாழ்வு என்பதால் உண்மையில் ஒரு விரற்கடை அதிகமாகவே வந்தது. அத்தனையையும் தேய்த்துக் கழுவிப் பெயின்ட் அடித்தவன் ஏணியில் நிற்கிறான். துணியைக் கையால் தொடாதவன் விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். சோம்பேறித்தனத்துக்கு இப்படியொரு கூலி உண்டென்று வேதபாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லையே என்று நினைத்துக்கொண்டார். மெஷினை மாட்டி முடித்தார். மூடிக்குள் பெயர் எழுதினார். அன்றைக்கு எழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது.

கிடங்கு மெஷின் பழையது, குழாயில் எங்கோ கசிவு. வாரத்துக்கு இரண்டு தரம் அகுஸ்தி வர வேண்டியிருந்தது. வந்தபோதெல்லாம் லாசரின் பேச்சு காதில் விழுந்தது. ஒருநாள் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்றிடம் லாசர் கட்டிலுக்கு அடியில் கரிமீன் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓதத் தண்ணீரோடு உள்ளே வந்த மீன், தண்ணீர் வடிந்ததும் போக வழி தெரியாமல் செருப்புக்குள் கிடந்து துடித்ததும், மனைவி அதைப் பிடித்து மத்தியானத்துக்கே பொரித்ததுமான கதை. கேட்டவர்கள் ஒரே சமயத்தில் சிரித்தார்கள், கண்ணும் கலங்கினார்கள். அது அகுஸ்தியின் கட்டில், அகுஸ்தியின் செருப்பு. பொரித்தது அவர் மனைவி பிலோ. லாசர் அன்றைக்கு வந்து வால் துண்டைத் தின்றுவிட்டுப் போனவர், அவ்வளவுதான். ஏணியிலிருந்து அகுஸ்தியின் ஸ்பேனர் தவறிக் கீழே விழுந்தது. லாசர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "நம்ம ஆளுதான், பக்கத்து வீடு" என்று வெள்ளைக்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

அன்றோடு லாசரிடம் பேச்சை நிறுத்தினார் அகுஸ்தி. லாசர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜனவரியில் செபஸ்தியார் பெருநாள் வந்தது. பத்து வருடமாகப் பவனியில் சுரூபத்துக்கு முத்துக்குடை பிடிப்பவர் அகுஸ்திதான். இந்த வருடமும் அவர்தான் பிடித்தார். ஆனால் பிரசங்கத்தில் வந்தது லாசரின் பெயர். நம் இடவகை மக்களின் கண்ணீரை உலகத்துக்குக் காட்டிய சகோதரர் என்றார் கோயில் பாதிரியாரான விகாரியச்சன். முத்துக்குடை சற்றுச் சாய்ந்ததை அந்த வெயிலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிடங்கு அறையில் லாசரின் கதவுக்கு எதிரே நீளமாக ஒரு வெள்ளைச் சுவர் உண்டு. சுதேஷ்ணா அதில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'இந்தத் தண்ணீரில் உங்கள் பங்கு எவ்வளவு உயரம்? கோடு போட்டுப் பெயர் எழுதுங்கள்.' கீழே ஒரு பெட்டி நிறைய நீலப் பென்சில். கார், கரண்ட், விமானம் என்று அவரவர் விடுகிற புகையின் சூட்டில்தான் கடல் ஏறுகிறது என்பது கணக்கு. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் குனிந்துதான் கோடு போட்டார்கள். இரண்டு கார் வைத்திருக்கும் டாக்டர் கணுக்காலுக்குக் கீழே போட்டார். மாதம் இரண்டு தரம் துபாய் போய் வருகிறவர், ரொம்ப யோசித்து, பாதத்தின் உயரத்துக்குப் போட்டார். ஒரு கல்லூரிப் பெண் மட்டும் முழங்கால் வரை போட்டுவிட்டு அழுதாள். மற்ற அத்தனை கோடும் லாசரின் கதவிலிருந்த மேல்கோட்டுக்கு வெகு கீழே கிடந்தன. இத்தனை பேர் பங்கையும் கூட்டினாலும் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தச் சுவரில் பதில் இல்லை.

லாசர் கோடே போடவில்லை. போடச் சொன்னவர்களிடம், "எனக்கேது பங்கு? வண்டி இல்ல. ஃபேன் கெட்டு நாலு வருஷமாச்சு. கரண்ட் பில்லு வந்தா கர்மலி சிரிப்பா" என்றார். அதையும் கைதட்டிக் கேட்டார்கள். ஒன்றும் செய்யாததாலேயே லாசர் புண்ணியவானாகிவிட்டார்.

இதற்குப் பிறகுதான் அகுஸ்தி களத்தில் இறங்கினார். லாசரை அவருடைய துறையிலேயே வெல்வது என்று முடிவு. திங்கட்கிழமை ஸ்கூட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, மருமகனின் பழைய சைக்கிளை எடுத்தார். ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு தோப்பும்படி பாலம் ஏறும்போது இரண்டு பேரை இடித்தார். செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜை அணைத்தார். புதன்கிழமை பால் திரிந்தது. வியாழக்கிழமை பிலோ வாசலுக்கு வந்து, சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏ மனுஷா, அந்த ஆளு ஒண்ணும் பண்ணாமப் பேரு வாங்கினாரு. நீங்க பாடுபட்டு ஒண்ணும் பண்ணாம இருக்கப் பாக்குறீங்க. உங்களால முடியாது." அந்த வாரம் அகுஸ்தியின் தியாகத்தைக் கவனித்தது பால்காரர் ஒருவர்தான், அவரும் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் கிடங்கில் கூட்டமில்லை. லாசர் நாற்காலியிலேயே உறங்கிக்கொண்டிருந்தார். அறையைப் பார்த்துக்கொள்ளும் தீர்த்தா என்ற பெண், எம்.எஸ்ஸி. படிப்பவள், சன்னலோரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே ஏணியில் அகுஸ்தி. வால்வைத் திறந்தார். சீறியது. விரலைக் கொடுத்துக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேட்டா, அது என்ன கேஸ்?"

"இருபத்திரெண்டாம் நம்பர் கேஸ். பழைய மெஷினுக்கு அதுதான்."

"எப்பவும் இப்படித்தான் வெளியே விடுவீங்களா?"

விடாமல் எப்படிப் பார்ப்பது என்று அகுஸ்தி தன் விரல் வித்தையை விளக்கினார். பம்ப் வாங்காத பெருமையையும் சேர்த்துச் சொன்னார். அவள் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தாள். இந்தக் கேஸில் ஒரு கிலோ வெளியே போனால், ஒரு கார் இங்கிருந்து டெல்லிக்கு இரண்டு தடவை போய்த் திரும்பி வருகிற புகைக்குச் சமம் என்றாள். அகுஸ்தி நம்பவில்லை. புகையே வராத கேஸ், வாடைகூடக் கிடையாது, கையில் பிடித்தால் ஜில்லென்று இருக்கும் என்றார். கண்ணுக்குத் தெரியாமல் போர்வை மாதிரி மேலே போய் நின்று பூமியின் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்றாள் அவள்.

அகுஸ்தி ஏணியிலேயே நின்று யோசித்தார். ஒரு சீசனுக்கு எத்தனை மெஷின், ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெளியே போயிருக்கும் என்று வருடா வருடமாக நினைத்துப் பார்த்து அவளிடம் சொன்னார். அவள் போனில் கூட்டினாள். மறுபடியும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள்.

"டெல்லிக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார் அகுஸ்தி.

"ரெண்டாயிரத்துக்கு மேல வருது, சேட்டா."

உண்மையைச் சொல்ல வேண்டும். அகுஸ்திக்கு அந்த நொடியில் முதலில் வந்தது வெட்கமில்லை, பயமுமில்லை. இரண்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு திறந்து மூச்சு வந்தது. சன்னல் வழியாக உறங்குகிற லாசரைப் பார்த்தார், விளக்குக்குக் கீழே மின்னுகிற கோடுகளைப் பார்த்தார். கதவு லாசருடையதாக இருக்கலாம். கோடு யாருடையது? வீட்டுக்குப் போனதும் பிலோவிடம் மெதுவாக, ஆனால் ஒருவிதக் கம்பீரத்தோடு சொன்னார்: "அவன் கதவத்தான் குடுத்தான். அதுல கோட்டப் போட்டவன் நான்."

பிலோ மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ நம்ம வீட்டுக்குள்ள வந்தது?"

அகுஸ்தி உரித்த கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

அந்த வாரமே, பருவம் தப்பி, இன்னொரு ஓதம் வந்தது. கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் சமையலறையைச் சுற்றிப் பார்த்தது. பிலோவின் காலில் இருக்கும் படை, உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வந்தது. மூன்று வருடமாக ஆறவில்லை. அகுஸ்தி இதுவரை அதற்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாரே தவிர, அதைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார். பத்து மணிக்குத் தண்ணீர் வடிந்தது. நீலப் பெயின்டின் மேல் புதிதாக ஒரு கோடு. அகுஸ்தி வழக்கம்போலத் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு போனார். கதவின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துணி அவர் கையிலேயே காய்ந்தது.

தானே காயலைத் திறந்துவிட்டதாக நினைக்க அவர் ஒன்றும் முட்டாளில்லை. கொச்சியில் எத்தனையோ மெக்கானிக், உலகத்தில் எத்தனையோ கார், எத்தனையோ கம்பெனி. அதையெல்லாம் அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனாலும் விரல் நுனி உறுத்தியது. பொய் சொல்லாத விரல் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததும் அவர்தானே.

மார்ச் கடைசியில் கண்காட்சி முடிந்தது. கதவு டெல்லிக்குப் போகிறது என்று தகவல் வந்தது. கூடவே லாசரும். அதுவும் விமானத்தில். கர்மலி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அகுஸ்தி இதுவரை பாலக்காட்டுக்கு வடக்கே போனதில்லை. அடங்கியதாக நினைத்த எரிச்சல் மறுபடியும் கிளம்பி, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டெல்லிக்கு இரண்டாயிரம் தடவை போய் வந்த புகை தன்னுடையது, டிக்கெட் லாசருக்கு. இதைச் சொல்லி அழக்கூட ஆளில்லை.

கடைசி நாள் மத்தியானம் மெஷினைக் கழற்றக் கூப்பிட்டார்கள். ஏணியோடு போனார். தோளில் புதிதாக ஒரு கனமான பெட்டி. ஏணியில் ஏறி வால்வருகே கையைக் கொண்டுபோனார். விரல் தானாக நீண்டது. நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பைக்குள் கையை விட்டு, பழைய பனியனைப் பிரித்து மீட்டரை எடுத்தார். மிச்சமிருந்த கேஸை ஒரு காலி சிலிண்டருக்குள் இழுத்து அடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அந்தப் பெட்டி, கம்பெனிப் பிள்ளைகளிடம் கெஞ்சி இரவல் வாங்கிய மெஷின். அதைப் பயன்படுத்தத் தெரியாமல் இரண்டு தடவை குழாயை மாற்றி மாட்டினார். தீர்த்தா சன்னலுக்கு உள்ளிருந்து பார்த்தாள்.

இறங்கியவர் ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். லாசர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் கணுக்காலுயரத்தில் நூற்றுக்கணக்கான நீலக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அகுஸ்தி சுவரடியில் இருந்த பென்சில் பெட்டிக்குள் கைவிட்டு, மழுங்கிப்போன நீலப் பென்சில் ஒன்றை எடுத்துக் காதில் செருகினார். ஏணியைச் சுவரோடு சாய்த்தார். தரை வழுவழுப்பாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். கை ஒழிந்த ஆள் வேறு இல்லை.

"டேய் லாசரு. வந்து பிடி."

மூன்று மாதத்தில் பேசிய முதல் பேச்சு. லாசர் இஸ்திரிச் சட்டையோடு எழுந்து வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அகுஸ்தி ஏற ஆரம்பித்தார். முழங்கால் உயரம் தாண்டியது, ஆளுயரம் தாண்டியது. லாசர் கீழிருந்து, "இவ்ளோ உசரத்துக்கா?" என்று கேட்டார். அகுஸ்தி இன்னொரு படி ஏறினார்.

"நானும் ஒண்ணு போடணுமாடா?" என்றார் லாசர் மறுபடியும். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "பிளேன்ல போறேன்ல."

அகுஸ்தி குனிந்து பார்த்தார். மேலிருந்து பார்க்க லாசரின் உச்சந்தலை வழுக்கையாக, வயதானதாகத் தெரிந்தது. "கணுக்கால்கிட்ட ஒண்ணு போட்டுட்டுப் போ" என்றார். "அதுக்கு மேல உனக்குத் தகுதி இல்ல."

கடைசிக்கு முந்தின படியில் நின்று கையை நீட்டினார். கழற்றிய ஏ.சி. விட்டுப்போன நாலு ஆணி ஓட்டைகளுக்குச் சமமாகப் பென்சில் முனை எட்டியது. அங்கே வைத்தவர் கோடு போடாமல் எடுத்துவிட்டார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வலது காலைத் தூக்கிக் கடைசிப் படியில் வைத்தார். ஏணி ஆடியது. லாசர் கண்ணை மூடிக்கொண்டு ஏணியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அகுஸ்தி இன்னொரு காலையும் தூக்கி வைத்து, நிமிர்ந்து, எட்டிய மட்டும் கையை நீட்டிக் கோட்டை இழுத்தார்.